வுச்சேத்திச்: வாள் செய்தவரா, வாலாட்டியவரா?

பழையபேப்பர்:
போன வாரம் பரணைக் காலி செய்தபோது ஒரு கட்டு 'சோவியத் நாடு' பத்திரிகை கிடைத்தது. அப்பா சந்தா கட்டி வாங்கியது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அந்த வழவழப்பான தாளைக் கிழித்துத்தான் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடுவோம், உள்ளே படித்தவர்கள் குறைவு. அதில் ஒரு படம். ஒரு பெண் வாளை ஓங்கியபடி திரும்பிப் பார்த்துக் கத்துகிறாள், மேல்துணி காற்றில் பறக்கிறது, காலடியில் மனிதர்கள் எறும்பு மாதிரி. என் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு அவள்தான் அட்டை. வாத்தியார் பார்த்துவிட்டு "என்னடா, ருஷ்யாக்காரனும் காளி கும்பிடுறானா?" என்று கேட்டார்.

ஐம்பது வருடம் கழித்து இப்போதுதான் அதைச் செய்தவர் யார் என்று தேடினேன். யெவ்கேனி வுச்சேத்திச், 1908 முதல் 1974 வரை. ஸ்டாலின் பரிசு ஐந்து தடவை, 1946-லிருந்து 1950 வரை வருடம் தவறாமல். படித்ததும் எனக்கு உறுத்திவிட்டது. ஒரே ஆளுக்கு அரசாங்கம் ஐந்து வருடம் விடாமல் பரிசு கொடுத்தால் அது கைத்திறனுக்கா, விசுவாசத்துக்கா? இவரைச் சிற்பி என்பதா, அரசாங்க கான்ட்ராக்டர் என்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறி:
கான்ட்ராக்டர். அடுத்த கேள்வி?

கல்லுளி:
தறி, அவ்வளவு அவசரம் வேண்டாம். நான் சிற்பம் படித்தவன், இந்த மனிதரின் பாணி எனக்கு ஒத்துவராது, ஆனாலும் வேலை தெரியாதவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

பிறந்தது யெகாதெரினோஸ்லாவில், இன்றைய உக்ரைனின் த்னிப்ரோ. வளர்ந்ததும் முதலில் கலை படித்ததும் டான் நதிக்கரை ரஸ்தோவில், அப்புறம் லெனின்கிராத். 1930-களில் மாஸ்கோவில் 'சோவியத்துகளின் அரண்மனை' கட்டுமான அலுவலகத்தில் வேலை. அது 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் வர வேண்டிய கட்டடம், உச்சியில் 100 மீட்டர் லெனின். கடைசிவரை எழவில்லை, தோண்டிய அஸ்திவாரக் குழியில்தான் பின்னாளில் நீச்சல் குளம் கட்டினார்கள். மலை அளவு சிலை என்ற பைத்தியம் இவருக்கு அங்கே பிடித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1941-ல் போர் வந்ததும் சாதாரண சிப்பாயாகத் தானாகவே போய்ச் சேர்ந்தார். 1942-ல் வோல்கவ் போர்முனையில் பலத்த காயம். அதன் பிறகுதான் கிரேக்கவ் ராணுவக் கலைஞர்கள் ஸ்டுடியோவில் சேர்த்துக்கொண்டார்கள். அறைக்குள் உட்கார்ந்து வீரம் செதுக்கியவர் இல்லை.

மழைக்காகம்:
போருக்குப் போனார், சரி. திரும்பி வந்து என்ன செய்தார்? ஜெனரல்களின் மார்பளவுச் சிலைகள், வரிசையாக, தாடையைத் தூக்கிக்கொண்டு. 1952-ல் வோல்கா-டான் கால்வாய் வாயிலில் 24 மீட்டர் செம்பு ஸ்டாலின். அந்தக் கால்வாயை வெட்டியவர்களில் கைதிகள் எத்தனை ஆயிரம், ஜெர்மன் போர்க்கைதிகள் எத்தனை ஆயிரம்! அவர்கள் வெட்டிய தண்ணீர் வழியின் வாசலில் அவர்களை அடைத்து வைத்தவரே தொப்பியோடு நின்றார். இதைச் செய்த கைக்கு நான் மாலை போட மாட்டேன்.

கல்லுளி:
அந்தச் சிலையின் பின்கதையையும் சொல்ல வேண்டும் காகம். 1961-ல் ஸ்டாலின்கிராத் என்ற பெயரை வோல்கோகிராத் என்று மாற்றிய காலத்திலேயே அந்த ஸ்டாலினையும் இறக்கிவிட்டார்கள். பீடம் மட்டும் மொட்டையாக நின்றது, ஒன்றல்ல இரண்டல்ல, பன்னிரண்டு வருடம். 1973-ல் அதே பீடத்தின் மேல் 27 மீட்டர் லெனின் ஏறினார். செய்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே வுச்சேத்திச்.

தறி:
ஹாஹா. பழைய டெண்டர் ரத்து, புது டெண்டர், ஆள் மட்டும் அதே ஆள். நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

வோல்கா டாக்டர்:
இழையைத் தாமதமாகப் பார்க்கிறேன். நான் வோல்கோகிராதில் மருத்துவம் படித்தவன், ஆறு வருடம் பழையபேப்பர் சொன்ன அந்த வாள் ஏந்திய பெண் சிலையின் கீழேதான் வாழ்க்கை என்று சொல்லலாம். நம் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே படிக்கிறார்கள், முதல் வாரம் சீனியர்கள் கூட்டிக்கொண்டு போவதே அவள் நிற்கும் மமாயெவ் குர்கான் மேட்டுக்குத்தான்.

படத்தில் பார்ப்பது வேறு, நடந்து போவது வேறு. கீழே இருந்தே அவள் தெரிவாள், ஆனால் நேராகப் போய்ச் சேர முடியாது. வழியிலேயே ஒரு குளம், நடுவில் இடுப்பளவு வெற்றுடம்போடு ஒரு படைவீரன், ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் கையெறி குண்டு, முகம் மட்டும் இந்த ஊரைக் காத்த தளபதி சுய்கோவின் சாயல். அந்த இடத்துக்குப் போகும்போது சிலையின் பெண் அவன் தலைக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். அப்புறம் இரண்டு பக்கமும் இடிந்த வீட்டுச் சுவர் மாதிரி செதுக்கிய மதில்கள், அதற்கு நடுவே படி ஏற வேண்டும். அதையும் தாண்டினால் வட்டமான ஒரு மண்டபம், நடுவில் தரையிலிருந்து எழும் ஒரு பெரிய வெள்ளைக் கை, அது பிடித்திருக்கும் பந்தத்தில் அணையாத நெருப்பு, சுவரைச் சுற்றி 34 கொடிகள், அவற்றில் செத்தவர்களில் 7200 பேரின் பெயர். சுற்றிச் சுற்றி ஏறி வெளியே வந்தால் மடியில் மகனை வைத்து அழும் தாய். அதற்கும் மேலே போனால்தான் வாள் ஏந்தியவளின் கால். படிகள் மொத்தம் 200, ஸ்டாலின்கிராத் போர் நடந்த 200 நாளுக்கு. ஜனவரியில் வோல்காவிலிருந்து அடிக்கும் காற்றில் ஏறினால் எண்ண மறந்துவிடும்.

ஒரு விஷயம் என்னை முதல் நாளே அசைத்தது. அந்த மண்டபத்தில் நாள் முழுக்க மெல்லிய இசை ஒலிக்கும். எதோ ருஷ்யச் சோகப்பாட்டு என்று நினைத்திருந்தேன். அது ஷூமானின் 'ட்ராய்மெராய்', ஜெர்மானியர் இயற்றியது. ஜெர்மன் படையோடு மோதிச் செத்தவர்களின் தலைமாட்டில் ஜெர்மன் தாலாட்டு.

நெல்லை எஸ்தர்:
டாக்டர் தம்பி, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காகம்:
டாக்டர், நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் நீங்கள் சொன்னதைக் கவனியுங்கள். மறைத்துக் காட்டுவது, இசை போடுவது, படி எண்ணிக்கை. இது கோயில் கட்டும் உத்தி. கடவுள் இல்லை என்று சொன்ன அரசாங்கம் கோபுரம், பிராகாரம், கருவறை எல்லாம் கட்டி வைத்திருக்கிறது. அழுகை வர வைப்பது எளிது. கேள்வி கேட்க விடுகிறதா என்பதுதான் கலைக்கு நான் வைக்கும் அளவுகோல்.

வோல்கா டாக்டர்:
இருக்கலாம் சார். ஆனால் அது வெறும் மேடில்லை. போரில் ராணுவ வரைபடத்தில் அதற்குப் பெயர் 102.0, மீட்டரில் உயரம். அதைப் பிடித்தவன் கண்ணுக்கு ஊரே தெரியும், அதனால் மாறி மாறிப் பிடித்தார்கள். போர் முடிந்து வந்த வசந்தத்தில் அங்கே புல்கூட முளைக்கவில்லை என்பார்கள், சதுர மீட்டருக்கு 500 முதல் 1250 வரை குண்டுச் சிதறல்கள் கிடந்தன. அந்த மேட்டில் 34,505 வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சுய்கோவே 1982-ல் இறந்தபோது மாஸ்கோ வேண்டாம், என் பையன்களோடு இங்கேதான் என்று கேட்டு அங்கேயே அடங்கினார். எங்கள் வீட்டு ஓனர் பாட்டி ஒவ்வொரு மே மாதமும் இரண்டு கார்னேஷன் பூவோடு போவார், ஒற்றைப்படையில் கொடுத்தால் அது உயிரோடிருப்பவர்களுக்கு என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். அவருக்கு அது சோசலிச யதார்த்தவாதம் என்ற சோவியத் அரசுக் கலைப்பாணியா என்ற கேள்வியே கிடையாது. அண்ணன் படுத்திருக்கும் இடம்.

சைட் இன்ஜினியர்:
கலை பற்றி எனக்குத் தெரியாது, கான்கிரீட் பற்றிப் பேசட்டுமா? யாருமே நிகீத்தின் பெயரைச் சொல்லவில்லையே.

நிகோலாய் நிகீத்தின், மாஸ்கோவின் ஒஸ்தான்கினோ டிவி கோபுரத்துக்குக் கணக்குப் போட்டவர். இந்தச் சிலையை நிற்க வைத்தது அவர். வாள் நுனிவரை 85 மீட்டர், பெண் மட்டும் 52 மீட்டர். அமெரிக்காவின் சுதந்திர தேவி பீடம் நீங்கலாக 46 தான். 1967 அக்டோபர் 15 அன்று திறந்தபோது உலகத்திலேயே உயரமான சிலை. 5500 டன் கான்கிரீட், 2400 டன் இரும்பு. இவ்வளவு எடை, ஆனால் சுவரின் கனம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள்ளே முழுக்கக் காலி, சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்த தேன்கூடு.

எப்படி நிற்கிறது? கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரியும். இந்தப் பெண்ணோ ஒரு காலை முன்னே வைத்து, இரண்டு கையையும் வீசி நிற்கிறாள், காற்று அடித்தால் ஒரு பக்கம் இழுபடாமல் என்ன செய்யும். அதனால் உள்ளே 99 எஃகு வடங்களை முறுக்கேற்றிக் கட்டியிருக்கிறார்கள், அவை எந்நேரமும் கான்கிரீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். நாம் பாலத்தில் செய்யும் ப்ரீஸ்ட்ரெஸ் வேலைதான், அங்கே ஒரு பெண்ணின் உடம்புக்குள் செய்திருக்கிறார்கள். இன்னொன்று: சிலை அஸ்திவாரத்தோடு கட்டப்படவில்லை. சதுரங்கப் பலகையில் ராணி நிற்கிற மாதிரி தன் எடையால் மட்டும் நிற்கிறது. முதல்முறை படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கான்கிரீட் போட்டபோது இடையில் நிறுத்தினால் அடுக்குக்கு அடுக்கு ஒட்டாது. அதனால் லாரிகளுக்குத் தனி அடையாளம் கட்டி, சிவப்பு விளக்கிலும் நிற்காமல் போக அனுமதித்ததாகச் சொல்வார்கள். நம்மூரில் ரெடிமிக்ஸ் வண்டி வர மூன்று மணி நேரம் தாமதமானதில் ஒரு ஸ்லாப்பைக் கோட்டை விட்டவன் நான், இதைப் படித்துப் பெருமூச்சுதான் விட்டேன்.

பழையபேப்பர்:
சைட் சார், வாளும் கான்கிரீட்டா?

சைட் இன்ஜினியர்:
இல்லை. முதலில் வைத்த 33 மீட்டர் வாள் துருப்பிடிக்காத எஃகு, மேலே டைட்டானியம் தகடு போர்த்தியது. அங்கேதான் கலைஞரும் காற்றும் மோதினார்கள். அகலமான தட்டை வாள், காற்றுக்கு அது பாய்மரம். ஆடியது, தகடுகள் கடகடவென்று சத்தம் போட்டன. 1972-ல் அதைக் கழற்றி முழுக்க எஃகிலேயே வேறு வாள் வைத்தார்கள், நுனிப்பக்கம் காற்று புகுந்து போக ஓட்டைகள் விட்டு, உள்ளே ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடும் செய்து.

கல்லுளி:
காகம் கேட்டதற்கு வருகிறேன். வுச்சேத்திச் கேள்வி கேட்க விடுகிறவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 1960-களில் நவீன பாணிக்காரர்களை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார், கலை அகாதமியில் துணைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தனக்குக் கிடைத்த கல்லையும் வெண்கலத்தையும் அடுத்தவனுக்குக் கிடைக்கவிடாத இடத்தில் இருந்தார் என்பதுதான் என் பெரிய குறை, ஸ்டாலின் சிலைகூட அப்புறம்தான்.

நவீன பாணிச் சிற்பி எர்ன்ஸ்ட் நெய்ஸ்வெஸ்த்னியைப் பாருங்கள். அவரும் போரில் காயம்பட்டவர், செத்துவிட்டார் என்று நினைத்து விருதே அறிவித்தார்கள். 1962-ல் மாஸ்கோவின் மானெஜ் கண்காட்சியில் சோவியத் தலைவர் குருஷேவ் அவரோடு நேருக்கு நேர் கத்திச் சண்டை போட்டார். கடைசியில் குருஷேவ் இறந்ததும் குடும்பம் கல்லறைச் சிலைக்கு அழைத்தது அதே நெய்ஸ்வெஸ்த்னியை. பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் கல், நடுவில் தலை. அது இருப்பது நொவதேவிச்சி இடுகாட்டில். வுச்சேத்திச்சும் அதே இடுகாட்டில்தான்.

தறி:
அண்ணே, இதுவரை நீங்கள் எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது. வுச்சேத்திச்சை விட்டுவிட்டு அவரைப் பற்றி இழை தொடங்கலாமே.

நெல்லை எஸ்தர்:
தொடங்கலாம், அதற்கு முன் நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நியூயார்க்கில் ஐநா தோட்டத்தில் ஒரு வெண்கலச் சிலை, தசை முறுக்கிய ஒரு மனிதன் சுத்தியலை ஓங்கி வாளை வளைத்துக் கலப்பைக் கொழுவாக அடிக்கிறான். அதுவும் இந்த வுச்சேத்திச்தான் என்று இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 1959-ல் சோவியத் அரசு ஐநாவுக்குக் கொடுத்த அன்பளிப்பு. ஏசாயா இரண்டாம் அதிகாரம்! "அவர்கள் தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்." நம் வேதாகமத்தில் மண்வெட்டி என்று இருக்கிறது, சிலையில் கொழு. கடவுள் மறுத்த தேசம் உலகத்துக்கே வேத வசனத்தைச் செய்து கொடுத்திருக்கிறது, என் தாத்தா உபதேசியார், அவர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இதை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பார்.

வோல்கா டாக்டர்:
அக்கா, அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1980-களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியில் சர்ச் இளைஞர்கள் இதே சிலையின் படத்தை வட்டமான துணிப்பட்டையாக அச்சடித்துச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள், நடுவில் சிற்பம், சுற்றி அந்த வசனம். காகிதத்தில் அச்சடித்தால் அரசு அனுமதி வேண்டும், துணியில் அச்சடித்தால் வேண்டாம், அந்தச் சந்தில் புகுந்தார்கள். அரசாங்கத்துக்குத் தர்மசங்கடம். சோவியத் கொடுத்த சிலை, அதைத் தடை செய்வதா? செய்தார்கள். பள்ளியிலும் தெருவிலும் பிடித்து அந்தப் பட்டையை வெட்டி எடுக்க வைத்தார்கள். சில பசங்கள் வெட்டிய இடத்தில் வட்டமான ஓட்டையோடேயே திரிந்தார்கள், ஓட்டையைப் பார்த்தாலே என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1983-ல் விட்டன்பெர்க்கில் மதச் சீர்திருத்தக்காரர் லூதர் வாழ்ந்த வீட்டு முற்றத்தில் ஒரு கொல்லர் ராத்திரியில் உலை மூட்டி நிஜ வாளையே கொழுவாக அடித்துக் காட்டினார்.

மழைக்காகம்:
டாக்டர், இது எனக்குத் தெரியாது. கேள்வி கேட்க விடாத சிலை என்றேன். சிலை விடாவிட்டாலும் ஆட்கள் கேட்டுவிட்டார்கள் போல. இந்த ஒரு சிலைக்கு மட்டும் தள்ளுபடி தருகிறேன், மற்றதற்கு இல்லை.

முக்கியமாக ஜெர்ஷின்ஸ்கிக்குக் கிடையாது. ரகசியப் போலீஸ் தொடங்கியவருக்கு ரகசியப் போலீஸ் தலைமையகத்தின் எதிரிலேயே, லுபியான்கா சதுக்கத்தில், 1958-ல் 11 டன் வெண்கலம். 1991 ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிரேன் வைத்துத் தூக்கினார்களே, அவரேதான்.

கல்லுளி:
தூக்கி எங்கே வைத்தார்கள் தெரியுமா? கிரிம்ஸ்கி வால் பூங்காவில், பெயர்த்தெடுத்த சிலைகளோடு. பக்கத்திலேயே புது த்ரெத்யகோவ் காட்சியகம், அதன் முற்றத்தில் எஸ்தரம்மா சொன்ன கொழு அடிப்பவனின் இன்னொரு வார்ப்பு. ஒரே கையில் பிறந்த அண்ணன் தம்பி, ஒருத்தனைத் தள்ளி வைத்தார்கள், ஒருத்தனைக் காட்சிக்கு வைத்தார்கள். 2023-ல் ஜெர்ஷின்ஸ்கிக்குப் புதிதாக ஒரு நகல் மாஸ்கோவில் வெளிநாட்டு உளவுத்துறை வளாகத்தில் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காகம் சொல்லும்.

பெர்லின் ட்ரெப்டோ பூங்காவில் இருக்கும் வுச்சேத்திச் சிலையை யாரும் அப்புறப்படுத்தவில்லை. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்தது அதுதான், 1949. 12 மீட்டர் படைவீரன், இடக்கையில் ஒரு ஜெர்மன் குழந்தை, வலக்கையில் தாழ்த்திய வாள், காலடியில் உடைந்த ஸ்வஸ்திகா. முதலில் மேலிடம் எதிர்பார்த்தது கையில் பூகோளத்தோடு ஸ்டாலினை. வுச்சேத்திச் அதையும் செய்து, கூடவே இந்த வீரனையும் மாதிரி செய்து ஓரமாக மூடி வைத்திருந்தாராம், ஸ்டாலின் தன் உருவத்தைத் தள்ளிவிட்டு வீரனைத் தேர்ந்தெடுத்து, துப்பாக்கிக்குப் பதில் வாள் கொடு என்றாராம். இது சிற்பியே சொன்ன கதை, அதனால் ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை மட்டும் கதையில்லை. 1945 ஏப்ரல் கடைசியில் பெர்லின் சண்டைக்கு நடுவே நிகோலாய் மசாலவ் என்ற சார்ஜன்ட் பாலத்தடியில் அழுத பெண் குழந்தையைத் தூக்கி வந்தார். சிலைக்கு நின்றவர் வேறொரு வீரர், இவான் ஒதார்சென்கோ.

அந்த வீரனின் எடையைப் பாருங்கள். வாள் பிடித்த கை தளர்ந்திருக்கிறது, குழந்தை பிடித்த கை இறுகியிருக்கிறது. களிமண்ணில் இதைக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். வோல்கோகிராத் பெண்ணிடம் எனக்கு இது கிடைக்கவில்லை, அவள் வெறும் சத்தம்.

வோல்கா டாக்டர்:
அண்ணா, சத்தம் என்று சொன்னதற்கு எங்கள் பாட்டி உங்களுக்கு போர்ஷ் சூப் தர மாட்டார்.

மழைக்காகம்:
ட்ரெப்டோவில் பதினாறு கல் பெட்டகங்களில் இன்றைக்கும் ஸ்டாலினின் வாசகங்கள் தங்க எழுத்தில் இருக்கின்றன என்பதைக் கல்லுளி வசதியாக மறந்துவிட்டார்.

கல்லுளி:
மறக்கவில்லை. 1990-ல் ஜெர்மனி பராமரிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததால் இருக்கிறது. 2003-ல் சிலையைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, 2004-ல் திரும்ப நிறுத்தினார்கள், ஜெர்மன் காசில். எழுத்தை வுச்சேத்திச் எழுதவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றார், அது சரி.

தறி:
கீயெவ் நகரத்தில் ஒரு எஃகு அம்மா நிற்கிறாளே, அதுவும் இவர்தானா? போர்ச் செய்தியில் அடிக்கடி வருகிறது.

கல்லுளி:
தொடங்கியவர் இவர். 1974-ல் இறந்துவிட்டதால் வசில் பொரதாய் எடுத்து வேறு வடிவத்தில் முடித்தார், 1981-ல் திறந்தது. 62 மீட்டர் எஃகு உருவம், பீடத்தோடு 102. 2023 ஆகஸ்டில் கேடயத்திலிருந்த அரிவாள் சுத்தியலை வெட்டி எடுத்துவிட்டு உக்ரைனின் திரிசூலச் சின்னத்தைப் பொருத்தினார்கள். சிலை அதே சிலை, வாள் அதே வாள், இப்போது எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறது என்பது மட்டும் மாறிவிட்டது. அவர் பிறந்த த்னிப்ரோவும் உக்ரைனில்தான்.

பழையபேப்பர்:
எல்லோருக்கும் நன்றி. கான்ட்ராக்டரா சிற்பியா என்று கேட்டேன், இப்போது இரண்டுமே என்று தோன்றுகிறது, காகம் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு சின்ன உதவி. என் பத்திரிகையில் அட்டையும் தேதியும் கிழிந்துவிட்டன, எந்த வருடம் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

சைட் இன்ஜினியர்:
இருக்கிறது சார். வாளின் நுனியைப் பாருங்கள். ஓட்டைகள் தெரிந்தால் 1972-க்குப் பிந்தைய படம்.

பழையபேப்பர்:
அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. மழமழவென்று இருக்கிறது, நுனியில் ஒரு ஸ்டேப்ளர் துளை மட்டும், அது நான் ஏழாம் வகுப்பில் அட்டை போட்டபோது குத்தியது.

சைட் இன்ஜினியர்:
அப்படியானால் ஆடிய வாள். கடகடவென்று சத்தம் போட்டதே, அது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.